வலி மாத்திரைப் பழக்கம்: வடசென்னைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காகப் பயன்படுத்துவது பற்றி வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு ஆகிய பகுதிகளின் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. கேட்பவர்களில் பெரும்பாலோர் தாய்மாரும் அக்காமாரும் என்பதால், அவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம். மருத்துவரைப் பார்ப்பதற்கு இது மாற்று அல்ல. அவரிடம் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை மட்டுமே.

மெடிக்கலில் வாங்கும் எல்லா வலி மாத்திரையும் போதை தருமா?

தராது. பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவற்றில் போதை இல்லை. போதைக்காகத் தேடப்படுபவை ஓபியாய்டு வகையைச் சேர்ந்த, அதாவது அபினைப் போல மூளையில் வேலை செய்யும் டிரமடால், டேபென்டடால் ஆகிய மாத்திரைகளும் கோடீன் கலந்த இருமல் மருந்துகளும்தான். இவற்றோடு நைட்ரசெபாம், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும், நரம்பு வலிக்குக் கொடுக்கப்படும் பிரீகாபலினும் சேர்த்துப் போடப்படுகின்றன. இவை அனைத்தும் மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவை.

ஆனால் போதை இல்லை என்பதாலேயே மற்றவை தீங்கற்றவை ஆகிவிடா. மூட்டை தூக்குபவர்களும், விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போகும் பெண்களும் "உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று கேட்டு, பெயர் தெரியாத நான்கு மாத்திரைகளைச் சிறு காகித உறையில் வாங்கிச் செல்வதை எந்த மெடிக்கல் வாசலிலும் பார்க்கலாம். அந்த உறையில் டைக்ளோஃபெனாக் இருக்கும். சில வேளைகளில் ஸ்டீராய்டும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்கினால் குடற்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும். பெயர் கேட்காமல் மாத்திரை விழுங்கும் பழக்கம் பெரியவர்களிடமிருந்துதான் பிள்ளைகளுக்கு வருகிறது என்பது எங்கள் கருத்து.

டாக்டரே எழுதிக்கொடுக்கும் மருந்து எப்படி ஒருவரை அடிமையாக்கும்?

அறுவை சிகிச்சைக்குப் பின்னும், எலும்பு முறிவிலும், புற்றுநோய் வலியிலும் இந்த மருந்துகள் தேவையானவை. குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, மருத்துவரின் கண்காணிப்பில் எடுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் வருவதில்லை. மூளையில் வலியைக் குறைக்கும் அதே இடங்களைத் தொட்டுத்தான் இவை ஒருவித இதத்தையும் தருகின்றன. வலிக்காக இன்றி அந்த இதத்துக்காகவே தொடர்ந்து எடுக்கும்போது, மூளை மருந்து இருப்பதையே தன் இயல்பு நிலையாக ஏற்றுக்கொள்கிறது. முன்பு ஒன்று செய்த வேலைக்குப் பிறகு மூன்று தேவைப்படுகிறது. ஒரு வேளை தவறினாலும் உடல் முரண்டு பிடிக்கிறது. அந்தக் கட்டத்துக்கு வந்த ஒருவர் சுகத்துக்காக மாத்திரை போடுவதில்லை, போடாவிட்டால் வரும் வேதனைக்குப் பயந்தே போடுகிறார். "திமிரெடுத்துப் போடுகிறான்" என்று சொல்லும் வீட்டார் இதை அறிந்துகொள்வது நல்லது.

இது ஏன் எங்கள் பகுதியில் இவ்வளவு அதிகமாக இருக்கிறது?

வடசென்னை என்றாலே கத்தி, கஞ்சா, மாத்திரை என்று முடிச்சுப் போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அதை நாங்கள் ஏற்கவில்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் சுமார் 2.1 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகை ஓபியாய்டைப் பயன்படுத்துகின்றனர். ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினர் மருந்தாக விற்கப்படும் ஓபியாய்டுகளையே போதைக்கு எடுக்கின்றனர். உதவி தேவைப்படுவோர் 77 லட்சம் பேர். இது நாடு முழுவதன் நிலை.

இருந்தாலும் இங்கே சில காரணங்கள் கூடுதலாகச் சேர்கின்றன. துறைமுகம், கன்டெய்னர் யார்டு, மீன்பிடித் துறைமுகம், மண்ணடிக் கிடங்குகள் என்று உடம்பை முறிக்கும் வேலைகள் இங்கே அதிகம். ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் வலியைப் பொறுக்க மாத்திரை போட்டவர், பிறகு வேலைக்குப் போகவே மாத்திரை போடுகிறார். பள்ளியைப் பாதியில் விட்ட பையன்களுக்கு வேலையும் கிடைப்பதில்லை, பொழுதும் போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மாத்திரைக்குச் சாராய வாடையும் இல்லை, கஞ்சாப் புகையும் இல்லை. வெளிமாநிலங்களிலிருந்து ரயிலிலும் கூரியரிலும் வரும் அட்டைகள் இங்கே ஒவ்வொரு மாத்திரையாக, அச்சிட்ட விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறுகின்றன என்பதைக் காவல்துறையின் கைது அறிவிப்புகளில் அடிக்கடி படிக்கிறோம்.

வாடையே இல்லை என்றால் வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே அறிகுறியை வைத்து முடிவு கட்டக்கூடாது. பலவும் சேர்ந்து வரும்போதுதான் ஐயம் வலுக்கும். கண்ணின் கருமணி வெளிச்சம் குறைந்த இடத்திலும் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். மூக்கையும் உடம்பையும் சொறிந்துகொண்டே இருப்பார், மலச்சிக்கல் இருக்கும், பசி குறையும். மாத்திரை கிடைக்காத நாளில் இதற்கு நேர்மாறாக மூக்கொழுகும், கொட்டாவி விடாமல் வரும், மயிர்க்கூச்செறியும், கருமணி விரியும். சளிக்காய்ச்சல் என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்த தாய்மார் பலர்.

பொருட்களையும் கவனியுங்கள். மாத்திரைப் பெயர் தெரியாதபடி கத்தரித்த அட்டைத் துண்டுகள், சட்டைப்பையில் மாத்திரையைக் கரைக்கப் பயன்படும் டிஸ்டில்டு வாட்டர் குப்பி, கத்திரி வெயிலிலும் கழற்றாத முழுக்கைச் சட்டை, அடகுக்கடைச் சீட்டு ஆகியவை ஒன்றாகத் தென்பட்டால் அன்றே பேச வேண்டும். பேச வேண்டும் என்றுதான் சொல்கிறோம். தெருவில் நிற்க வைத்துச் சோதனை போடுவதைச் சொல்லவில்லை. போதையில் இருக்கும் நேரத்தில் பேசியும் பயனில்லை. மறுநாள் தெளிவாக இருக்கும்போது, அவர் நம்பும் ஒரே ஒருவர் தனியாகப் பேசுவது போதும்.

மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றுகிறார்கள் என்கிறார்களே, அதில் கூடுதல் ஆபத்து என்ன?

மாத்திரை வயிற்றுக்காகச் செய்யப்பட்டது. அதில் மருந்தோடு டால்க் தூளும் மாவுப் பொருளும் செல்லுலோஸும் இருக்கின்றன. இவை தண்ணீரில் முழுமையாகக் கரைவதில்லை. இரத்தக் குழாயில் இறங்கும் அந்தத் துகள்கள் குழாயை அடைத்து, கையில் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகின்றன. நுரையீரலின் நுண்குழாய்களில் போய்த் தங்கி, இளவயதிலேயே மூச்சுத்திணறலைத் தருகின்றன. கிருமி இதய வால்வைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. விரல் நுனி கறுத்துப்போய், கடைசியில் விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம்.

ஒரே ஊசியை நான்கு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி ஆகியவையும் பகிரப்படும். ஒருமுறையேனும் ஊசி ஏற்றியிருந்தால் இம்மூன்றுக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம். பெரிய அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலும் 12 வார மாத்திரையில் முற்றாகக் குணமாகும் நோய் என்பது பலருக்குத் தெரிவதில்லை; 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அந்த மாத்திரைகள் இலவசமாகவே தரப்படுகின்றன. பழக்கத்தை இன்னும் விடாதவரும் பரிசோதனைக்குப் போகலாம், போக வேண்டும்.

வீட்டு அறையில் பூட்டி வைத்து நாங்களே நிறுத்திவிடலாமா?

கூடாது. ஓபியாய்டு மட்டுமே எடுத்தவருக்குக் கடைசி மாத்திரைக்குப் பின் 8 முதல் 24 மணி நேரத்தில் வேதனை தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் பெருமளவு தணியும். உடல் முழுதும் குடைச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் இருக்கும். ஆரோக்கியமான ஒருவருக்கு இவை பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை என்றாலும், நீர்ச்சத்து இறங்கினால் அதுவே ஆபத்தாகும். தூக்க மாத்திரையும் சேர்த்து எடுத்திருந்தால் கதை வேறு: அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். உங்கள் பிள்ளை எதையெல்லாம் கலந்து எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. அநேகமாக அவருக்கே தெரியாது.

எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இந்தப் பகுதிகளுக்கு அருகில் உள்ளது. கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புக்குத் தனிப் பிரிவு உண்டு. 2025இல் தமிழ்நாடு அரசு "கலங்கரை" என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். போக்குவரத்துக்கும் கூட இருப்பவர் இழக்கும் கூலிக்கும்தான் வழி பார்க்க வேண்டியிருக்கும், அதுவும் சிறு தொகை அல்ல என்பதை அறிவோம். நேரில் போகத் தயங்குபவர்கள் முதலில் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணிலோ, 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ பேசலாம். இரண்டுக்கும் கட்டணமில்லை.

போகும்போது கிடைத்த காலி அட்டைகளையும் குப்பிகளையும் எடுத்துச் செல்லுங்கள். அவற்றைப் பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.

நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரு போதைக்குப் பதிலாக இன்னொரு போதையா?

அது பூப்ரனார்ஃபின். அதுவும் ஓபியாய்டுதான் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது மூளையில் மெதுவாக ஏறி நீண்ட நேரம் தங்குகிறது; ஒரு வரம்புக்கு மேல் அளவைக் கூட்டினாலும் அதன் விளைவு அதிகம் கூடுவதில்லை. அதனால் ஏக்கமும் வேதனையும் அடங்கி, எடுப்பவர் வேலைக்குப் போகவும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடவும் முடிகிறது. ஊசி நிற்கிறது, திருட்டு நிற்கிறது, உயிரிழப்பு குறைகிறது. சிலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் தேவைப்படலாம். "எப்போது இதையும் நிறுத்துவீர்கள்?" என்று முதல் வாரத்திலேயே மருத்துவரை நெருக்கும் குடும்பங்கள், தெரியாமலேயே பிள்ளையைப் பழைய இடத்துக்குத் தள்ளுகின்றன. முற்றிலும் நிறுத்தியவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன் என்ற வேறொரு மருந்தும் உண்டு. உடலில் ஓபியாய்டு இருக்கும்போதே அதைக் கொடுத்தால் கடும் வேதனை வரும் என்பதால், மருத்துவர் சொல்லும் நாளில் மட்டுமே அதைத் தொடங்க வேண்டும்.

ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதம் வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

நல்ல மையங்களும் உண்டு, அடித்து உதைக்கும் இடங்களும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 போதைப் பழக்கத்தையும் மனநலச் சிகிச்சையின் எல்லைக்குள் வைத்திருக்கிறது. சிகிச்சை மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார் என்று கேளுங்கள். உள்ளே போய்ப் படுக்கும் இடத்தையும் கழிப்பறையையும் பாருங்கள். "ஒரு மாதத்துக்கு யாரும் வந்து பார்க்கக்கூடாது" என்று சொல்லும் இடத்திலிருந்து உடனே திரும்பிவிடுங்கள். நள்ளிரவில் ஆள் அனுப்பி வேனில் தூக்கிச் செல்லும் மையங்களுக்குப் பணம் கட்டிய பெற்றோரை நாங்கள் குறை சொல்லவில்லை, அவர்கள் ஓய்ந்துபோனவர்கள். ஆனாலும் அப்படிப் போன பிள்ளை பிறகு எந்தச் சிகிச்சையையும் நம்புவதில்லை.

பத்து நாள் மருத்துவமனையில் இருந்து தெளிந்து வந்துவிட்டான். இனிப் பயமில்லையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மிக ஆபத்தான காலம் இப்போதுதான் தொடங்குகிறது. நிறுத்திய சில நாட்களிலேயே உடல் அந்த மருந்தைத் தாங்கும் திறனை இழக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் மனத்தில் பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டிலோ, ஒரு சாவு வீட்டிலோ பழைய நண்பர்களைச் சந்தித்து, "ஒரே ஒரு தடவை" என்று முன்பு போட்ட அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சை முடிந்து வந்தவர்களும் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களும் முதல் சில வாரங்களில் அளவு மீறி இறப்பது உலகெங்கும் பதிவான உண்மை.

நம் குடும்பங்களோ தம் பலத்தையெல்லாம் முதல் பத்து நாளிலேயே செலவழித்துவிடுகின்றன. நகையை அடகு வைத்து, வேலைக்கு விடுப்புப் போட்டு, சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டி ஒரு படையாகப் போகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் "சரியாகிவிட்டது" என்று ஆளுக்கொரு பக்கம் கலைந்துவிடுகிறார்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு யார் கூட வருவது, மருத்துவமனைக்கு மறுமுறை போகும் நாளில் யார் வேலைக்கு விடுப்புப் போடுவது என்பதை முதல் நாளே பேசி வைக்க வேண்டும் என்பதே எங்கள் வற்புறுத்தல். மருந்தைத் தினமும் ஒருவர் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். கூலிப் பணம் முழுவதையும் அவர் கையில் கொடுப்பதைச் சிறிது காலம் தள்ளிப்போடலாம், அவர் ஒப்புதலோடு. முடிந்தால் சில மாதங்களுக்கு வேறு ஊரில் உறவினர் வீட்டில் தங்கலாம். ஆனால் அங்கும் மருத்துவரும் மருந்தும் தொடர வேண்டும், இல்லையென்றால் திரும்பி வரும் நாளே ஆபத்தான நாளாகிவிடும்.

திரும்ப ஒருமுறை மாத்திரை போட்டுவிட்டால் எல்லாம் வீணாகிவிட்டது என்று பொருளில்லை. அன்றே மருத்துவரிடம் சொல்லும் துணிவு அவருக்கு வருமா என்பது, சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதைப் பொறுத்தது.

கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான் என்கிறார்கள்.

திருந்த மாட்டார், இன்னொரு வீட்டுப் பெண்ணும் இந்தத் துன்பத்துக்குள் வருவாள், அவ்வளவுதான்.

மயங்கிக் கிடப்பவரைப் பார்த்தால் என்ன செய்வது?

உதடும் நகமும் நீலம் பாரித்து, மூச்சு மிக மெதுவாகவோ குறட்டை போன்ற சத்தத்தோடோ வந்து, கூப்பிட்டும் கிள்ளியும் எழாவிட்டால், அது தூக்கம் இல்லை. உடனே 108க்கு அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தாலும் மூச்சுக்குழாயில் போகாது. மூச்சு நின்றிருந்தால், பழகியவர்கள் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பையும் அழுத்த வேண்டும். மோர், உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். மருத்துவமனையில் நாலோக்ஸோன் என்ற மாற்று மருந்து கொடுத்தால் சில நிமிடங்களில் எழுந்துவிடலாம். எழுந்ததும் வீட்டுக்கு அழைத்து வரக்கூடாது. அந்த ஊசியின் வேகம் தணிந்தபின் உடலில் மீதமுள்ள மாத்திரை மீண்டும் மூச்சை அடக்கக்கூடும்.

கூட இருந்த நண்பர்கள் போலீஸ் வரும் என்று ஓடிவிடுவதால்தான் பல உயிர்கள் போகின்றன. மருத்துவமனை வாசலில் விட்டுவிட்டாவது, எந்த மாத்திரை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

சிகிச்சைக்குப் போனால் வழக்குப் போடுவார்களா?

சிகிச்சை கேட்டு வந்தவரைப் பிடித்துக் கொடுப்பது மருத்துவரின் வேலை இல்லை. டிரமடால் 2018 ஏப்ரலிலிருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. அந்தச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற முடியும். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். விற்பவர்களுக்கும் கடத்துபவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. வணிக அளவில் பிடிபட்டால் பத்து முதல் இருபது ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. "இந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடு, மாத்திரை இலவசம்" என்று பையன்களை அனுப்புகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்; அந்தப் பையன்களுக்குத்தான் தெரிவதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரிடம் போதைப்பொருள் கொடுப்பதும், அவரை வைத்து விற்பதும் இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல் பெறக்கூடிய குற்றங்கள்.

சீட்டு இல்லாமல் விற்கும் மெடிக்கல் மீது எப்படிப் புகார் செய்வது?

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் எழுத்தில் கொடுக்கலாம். போதைப்பொருள் விற்பனை பற்றி 10581 என்ற எண்ணிலும் தெரிவிக்கலாம். டிரமடால், அல்பிரசோலம், நைட்ரசெபாம் ஆகியவை மருந்து விற்பனை விதிகளில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 அட்டவணையில் உள்ளவை. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த விதியின்படி, சீட்டு எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான். நேர்மையான கடைக்காரர்களும் இங்கே பலர் உண்டு; இரவில் கத்தியைக் காட்டி மாத்திரை கேட்பவர்களுக்கு நடுவே கடை நடத்துபவர்கள் அவர்கள். அத்தகைய கடைக்குத் தெருக்காரர்கள் துணை நிற்பது எந்தப் புகார் மனுவையும்விடப் பயன் தரும்.

என் அம்மாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவரும் அடிமையாகிவிடுவாரா?

அந்தப் பயத்தில் மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். கடும் வலிக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் அவருக்கு உரிமையான மருந்து. வலி பொறுக்காமல் இரவெல்லாம் அரற்ற வைப்பதில் எந்த நன்மையும் இல்லை. வீட்டில் பேரன்மார் இருந்தால் மட்டும் அதைப் பீரோவில் பூட்டி, எண்ணி வையுங்கள். மீதமானதை மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பழக்கத்தை விட்டவனுக்குப் பின்னால் கை கால் முறிந்தாலோ பல் பிடுங்கினாலோ என்ன மாத்திரை தருவது?

பல்வலி, சுளுக்கு போன்றவற்றுக்குப் பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் பெரும்பாலும் போதும். வயிற்றுப்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இபுபுரூஃபனை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். பெரிய காயமோ அறுவை சிகிச்சையோ என்றால், முன்பு இந்தப் பழக்கம் இருந்ததையும், பூப்ரனார்ஃபினோ நால்ட்ரெக்ஸோனோ எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் வலி மருந்து வேலை செய்யாமலும் போகலாம், அளவு மீறியும் போகலாம். ஓபியாய்டு தவிர்க்க முடியாதது என்று மருத்துவர் முடிவு செய்தால் அதை மறுக்க வேண்டாம். சீட்டில் எத்தனை நாளுக்கு என்று எழுதச் சொல்லி, மாத்திரையை வீட்டில் வேறொருவர் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை கொடுத்து, மிஞ்சினால் வார்டு நர்ஸிடம் ஒப்படைத்துவிடுங்கள்.